ஏற்காடு ஹோம்ஸ்டே ரிவ்யூ: கிச்சன் இல்லாத வீடும் பரணி ரூமும்

முதல்லயே சொல்லிடுறேன், இது ரிவ்யூவா ஆரம்பிச்சு நடுவுல வேற எங்கயோ போயிடும். அவசரத்துல இருக்கறவங்களுக்கு: ரூம் சுமார், சாப்பாடு அருமை, கிச்சன் கிடையாது, 5க்கு மூணரை. பொறுமை இருக்கறவங்க மேல படிங்க. கடை பேரு போடல, ஓனர் வயசானவர், குறையும் கொஞ்சம் சொல்லப்போறேன், அவருக்கு சங்கடமா இருக்க வேண்டாம்.

போன சனி ஞாயிறு போனோம், நான், வீட்டுக்காரி, நாலு வயசு பொண்ணு, எங்க அத்தை. சேலத்துல இருந்துகிட்டு ஏற்காட்ல ரூம் போட்டு தங்குறியான்னு ஆபீஸ்ல ஒரே கேலி, நியாயம்தான், கோரிமேடு தாண்டி அடிவாரம், அங்கிருந்து 20 கொண்டை ஊசி வளைவு, காலைல கிளம்பினா மத்தியான சாப்பாட்டுக்கு வீடு வந்துடலாம். ஆனா அத்தைக்கு ஒரு ராத்திரி குளிர்ல தூங்கணும்னு ஆசை, ஏரி பக்கம் ஹோட்டல் எல்லாம் வாரக்கடைசில யானை விலை, நாகலூர் ரோட்ல உள்ள தள்ளி இது 2,400 ரூபான்னு கெடச்சுது, போட்டுட்டோம். மேப்ல காட்டுற இடம் தப்பு, அது ஒரு மிளகு தோட்டத்து கேட்டுல கொண்டு போயி விட்டுடுது, அங்க இருக்கற நாய்க்கு இது பழகிப்போச்சு போல, குலைக்கக்கூட இல்ல, படுத்துகிட்டே வாலை ஆட்டுச்சு. போன் பண்ணா ஓனரே டார்ச் எடுத்துட்டு மெயின் ரோட்டுக்கு வந்துடுறாரு.

வந்தவர் பையை வாங்கிகிட்டு நடந்துகிட்டே சொன்னாரு, "சாப்பாட்டுக்கு மெஸ்ஸுக்கு வந்துருங்க தம்பி, நூறடி தான், வீட்ல கிச்சன் கிடையாது."

ரிப்பேர் போலன்னு நெனச்சு, "எப்ப சரியாகும்ங்க ஐயா"ன்னு கேட்டேன்.

"சரியாக என்ன இருக்கு, கட்டவே இல்ல."

ஆன்லைன்ல போட்டிருக்கற விவரத்துல இது ஒரு வார்த்தை இல்ல. ஹோம்ஸ்டேன்னா ஒரு அடுப்பு, ஒரு பால் பாத்திரம் இருக்கும்னு நம்பித்தான கொழந்தையோட வர்றோம். வீட்டுக்காரி என்னை ஒரு பார்வை பாத்தா, அந்த பார்வைக்கு தனியா ஒரு ஸ்டார் கொறைக்கலாம்.

வீடு சின்னது, ஓட்டு வீடு, முன்னாடி திண்ணை, நடுவுல ஹால், ரெண்டு பக்கமும் ரெண்டு ரூம். ஒரு ரூம் கதவுல 'பரணி'ன்னு பெயின்ட்ல எழுதியிருக்கு, இன்னொண்ணுல 'கிளாரா'. அத்தை உடனே, "பரணி நட்சத்திரம் ராசி இல்லையே, நாம அந்த ரூம்ல படுத்துக்கலாம்"னு கிளாராவுக்குள்ள போயி கட்டில்ல உக்காந்துட்டாங்க. அப்புறம்தான் தெரிஞ்சுது அது பார்னி, போர்டு எழுதுன பையன் பார்னின்னு ஒரு பேரு உலகத்துல இருக்கவே முடியாதுன்னு அவனா திருத்தி பரணி ஆக்கிட்டான், ஓனரும் காசு குடுத்தாச்சுன்னு அப்படியே விட்டுட்டாரு.

ரூம் பத்தி: கட்டில் ஸ்ட்ராங், மெத்தை ஓகே, கம்பளி ஈரவாடை, ஏற்காட்ல மழைக்காலத்துல இது எல்லா எடத்துலயும் இருக்கறதுதான், ஆனாலும் ஒரு வெயில் நாள்ல காய போட்டிருக்கலாம். பாத்ரூம் கதவு ஈரத்துல ஊறி சாத்தவே வரல, உள்ள போறவங்க பாட்டு பாடிகிட்டே இருக்கணும். கீசர் பத்து நிமிஷம் சூடா வரும், பதினொண்ணாவது நிமிஷம் சேர்வராயன் மலை தண்ணி எப்படி இருக்கும்னு தெரிஞ்சுக்கலாம்.

ராத்திரி பதினோரு மணிக்கு பொண்ணு எந்திரிச்சு பால் வேணும்னு ஆரம்பிச்சா. கொண்டு போன பால் ஐஸ் மாதிரி இருக்கு, சூடு பண்ண வழியில்ல. வேற வழியில்லாம ஓனருக்கு போன் அடிச்சேன், கோவமாத்தான் பேசினேன், இப்ப நெனச்சா வெக்கமா இருக்கு. "பத்து நிமிஷம் தம்பி"ன்னாரு. அந்த பத்து நிமிஷம் பொண்ணை தோள்ல போட்டுகிட்டு ஹால்ல நடந்துகிட்டே இருந்தப்பதான் செவுத்துல இருந்ததை ஒழுங்கா பாத்தேன்.

ஒரு போட்டோ, மர வீடு, முன்னாடி வராண்டா, சுத்தியும் பனி. பக்கத்துல ஒரு முழு சார்ட் பேப்பர், நீல ஸ்கெட்ச் பேனாவுல தமிழ்ல பொடிப்பொடியா எழுதி லேமினேட் பண்ணி, ஓரத்துல பூஞ்சை புடிச்சு. தலைப்பு: 'இந்த வீட்டில் சமையலறை ஏன் இல்லை'.

பதில் என்னன்னா, பிரெக்கன்ரிட்ஜ்னு ஒரு ஊரு, அமெரிக்காவுல கொலராடோ மலைக்குள்ள, 9,600 அடி ஒசரம், நம்ம ஏற்காடு 5,000 அடி கிட்டத்தட்ட, ரெண்டு ஏற்காடை ஒண்ணு மேல ஒண்ணா வெச்ச மாதிரி. 1859ல தங்கம் கெடச்சு உண்டான ஊரு. அங்க 1882ல பார்னி ஃபோர்டுன்னு ஒரு கறுப்பின மனுஷன் கட்டின வீடு அது. மெயின் ஸ்ட்ரீட் பக்கத்துலயே வாஷிங்டன் அவென்யூல. அவருக்கு பக்கத்துலயே சொந்த ரெஸ்டாரண்ட் இருந்துச்சு, அதனால வீட்ல கிச்சனே வெக்கல. அவ்ளோதான் காரணம். நம்ம ஓனருக்கும் நூறடில மெஸ்ஸு.

ஆனா சார்ட் அதோட நிக்கல, நானும் நிக்கல. நான் வேலை பாக்கறது பேங்க்ல, ஹோம் லோன் செக்‌ஷன். காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் மூலப்பத்திரம், வில்லங்கம், பட்டா, சிட்டா, லீகல் ஒப்பீனியன், இதே பொழப்பு. அதனால ஒருத்தர் வீடு கட்டினாருன்னா எனக்கு முதல்ல தோணறது பேப்பர் எப்படி வந்துச்சுங்கறதுதான்.

ஃபோர்டு 1822ல வர்ஜீனியாவுல அடிமையா பொறந்தவர். தப்பிச்சு சிகாகோ வந்து, ஜூலியாவை கல்யாணம் பண்ணி, கலிபோர்னியா தங்கத்துக்குன்னு கெளம்பி நடுவுல நிகராகுவாவுல எறங்கி ஹோட்டல் வெச்சு, 1854ல அமெரிக்க கடற்படை அந்த ஊரையே குண்டு போட்டு கொளுத்தினப்ப அதுவும் போயி, 1860ல கொலராடோ வர்றாரு. பிரெக்கன்ரிட்ஜ்ல தங்கம் இருக்கற எடத்தை புடிக்கறாரு, ஆனா கறுப்பினத்தவர் பேர்ல அதை பதிய முடியாது. 1857ல அவங்க சுப்ரீம் கோர்ட்டே ட்ரெட் ஸ்காட் கேஸ்ல கறுப்பினத்தவங்க குடிமக்களே இல்லைன்னு தீர்ப்பு எழுதியிருந்த காலம். சரின்னு ஒரு வக்கீல் பேர்ல பதியறாரு. அந்த வக்கீல் என்ன பண்ணுவான், பேப்பர் என் பேர்லதான இருக்கு, நீ கெளம்புன்னு ஷெரிஃபை விட்டு துரத்திட்டான்.

இந்த எடத்துல எனக்கு சிரிப்பும் வரல அழுகையும் வரல, ஏன்னா இதே கதையோட மாசத்துக்கு ரெண்டு பேராவது என் டேபிளுக்கு முன்னாடி உக்காருவாங்க. காசு நான்தான் சார் போட்டேன், பத்திரம் மட்டும் மச்சான் பேர்ல. அவங்களுக்கு நான் சொல்ற பதில் அந்த ஷெரிஃப் சொன்னதுதான், கொஞ்சம் மரியாதையா. ஃபோர்டு தங்கம் தேடின அந்த மலைக்கு அப்புறம் வெச்ச பேரு கறுப்பினத்தவரை திட்டுற ஒரு கேவலமான வார்த்தை, 1964லதான் அதை மாத்தி பார்னி ஃபோர்டு ஹில்னு வெச்சாங்க.

அடுத்து, இப்ப கொலராடோ தலைநகரா இருக்கற டென்வர்ல பார்பர் ஷாப் வெச்சாரு. 1863 ஏப்ரல்ல பெரிய தீ விபத்து, ஊரு பாதி போச்சு, கடையும் போச்சு. அப்ப ஒரு பேங்கர்கிட்ட 9,000 டாலர் கடன் வாங்குறாரு, வட்டி 25 சதவீதம். நம்ம ஊரு பேச்சுல சொன்னா ரெண்டு ரூபா வட்டியும் கொஞ்சம் மேலயும். அதுல பிளேக் ஸ்ட்ரீட்ல செங்கல் கட்டடமா கட்டி பீப்பிள்ஸ் ரெஸ்டாரண்ட்னு ஆரம்பிச்சாரு, கடனை 90 நாள்ல அடைச்சுட்டாருன்னு சொல்றாங்க. 90 நாள்! எங்க ஆபீஸ்ல 90 நாள்னா வாராக்கடன் ஆகுற கணக்கு, மேனேஜர் அந்த நம்பரை கேட்டாலே பிரஷர் மாத்திரை தேடுவாரு. அந்த கட்டடம் இன்னும் டென்வர்ல நிக்குது.

இதுக்குள்ள கதவு தட்டுற சத்தம். ஓனர், தலைல குரங்கு குல்லா, தோள்ல துண்டு, கைல ஃப்ளாஸ்க், மழைத்தூறல்ல நனைஞ்சு. ஃப்ளாஸ்க் மூடிலயே கொஞ்சம் பால் ஊத்தி, வெரலை விட்டு சூடு பாத்து, "ஆறட்டும், ஒரு நிமிஷம்"னு ஊதி ஊதி குடுத்தாரு. பொண்ணு ரெண்டு மூடி குடிச்சுட்டு தோள்லயே தூங்கிட்டா. நான் சாரி சொன்னேன். அவரு சார்ட்டை கைய காட்டி, "எதுவரைக்கும் படிச்சீங்க"ன்னாரு. கடன் அடைச்ச வரைக்கும்னேன். "அதுக்கப்புறம்தான் விஷயமே, காலைல சொல்றேன்"னு டார்ச் அடிச்சுகிட்டு போயிட்டாரு.

காலைல மெஸ்ஸு. இங்கதான் எல்லா ஸ்டாரும். நாலு பெஞ்ச், பொகை படிஞ்ச செவுரு, உள்ள அவங்க வீட்டம்மாதான் அடுப்புல. இட்லி, வெங்காய சட்னி, அது கூட மிளகு தூக்கலா ஒரு கோழி குழம்பு, காலைல எட்டு மணிக்கு கோழியான்னு அத்தை மொகத்தை சுளிச்சுட்டு அப்புறம் மூணு தடவை ஊத்த சொன்னாங்க. மிளகு அந்த மலை மிளகு, நெஞ்சுல எறங்கும்போது காது சூடாகுது. காப்பி அங்கயே வறுத்து அரைச்சது, சிக்கரி கலக்காதது, கசப்பு புடிக்காதவங்க சக்கரை கேட்டு வாங்கிக்கோங்க. மத்தியானம் ராகி களியும் கீரை கடைசலும் முன்னாடி நாளே சொல்லி வெச்சா கிடைக்கும். நாலு பேருக்கு காலை சாப்பாடு 310 ரூபா. சேலத்துல அஞ்சு ரோட்ல இந்த காசுக்கு ரெண்டு நெய் ரோஸ்ட்டும் ஒரு முறைப்பும்தான் கெடைக்கும்.

பரிமாறிகிட்டே மிச்ச கதையை சொன்னாரு. பையன் டென்வர்ல வேலை, இவரு அஞ்சு மாசம் போயி இருந்துட்டு வந்திருக்காரு, பேரனை பாத்துக்க. ஒரு நாள் பிரெக்கன்ரிட்ஜ் கூட்டிட்டு போயிருக்காங்க, எல்லாரும் பனிச்சறுக்கு பாக்க போக இவருக்கு குளிர் தாங்கல, கண்ணுல பட்ட ஒரு வீட்டுக்குள்ள கதகதப்புக்காக நொழைஞ்சிருக்காரு. அது மியூசியம், ஃபோர்டு வீடு. அங்க இருந்த அம்மா சுத்தி காட்டி கிச்சன் இல்லைன்னதும் இவருக்கு அப்படியே புடிச்சுபோச்சாம்.

"ஓட்டு போட உரிமை குடுக்காம மாநிலம் ஆக்க பாத்தாங்க தம்பி, 1865ல. இவரு வாஷிங்டன் வரைக்கும் போயி, கறுப்பர்களுக்கு ஓட்டு இல்லைன்னா கொலராடோவை மாநிலமாவே சேக்காதீங்கன்னு சண்டை போட்டிருக்காரு. ஊர்ல பெரிய ஆளுங்க மாநிலம் வேணும்னு குதிக்கறாங்க, இவரும் இவரு கூட்டாளிங்களும் வேண்டாங்கறாங்க, எவ்ளோ தைரியம் பாருங்க." கடைசில 1876லதான் கொலராடோ மாநிலமாச்சு, அதுக்குள்ள 1870ல சட்டத்திருத்தம் வந்து ஓட்டுரிமையும் வந்திருச்சு. டென்வர்லயும் செயென்னு இன்னொரு ஊர்லயும் இன்டர் ஓஷன்னு ரெண்டு ஹோட்டல் கட்டி, ஏறி, எறங்கி, திரும்ப எந்த ஊர்ல இருந்து துரத்தினாங்களோ அதே பிரெக்கன்ரிட்ஜுக்கு வந்து ரெஸ்டாரண்ட் வெச்சு, 60 வயசுல அந்த வீட்டை கட்டியிருக்காரு. 1902ல செத்திருக்காரு. அவரு உருவத்தை கண்ணாடில வரைஞ்சு கொலராடோ சட்டசபை கட்டடத்துல வெச்சிருக்காங்க.

வீட்டுக்கு வந்து நானும் தேடி பாத்தேன், பெரியவர் சொன்னது சரிதான், சார்ட்ல மட்டும் 1882ஐ 1892ன்னு எழுதியிருக்காரு, அடுத்து போறவங்க சொல்லிடுங்க.

அத்தைக்கு ஃபோர்டு மேல பெருசா ஆர்வம் இல்ல. "எங்க ரூம் பேர்ல இருக்கற கிளாரா யாரு"ன்னு கேட்டாங்க. அதுக்கு வீட்டம்மா அடுப்புல இருந்தே பதில் சொன்னாங்க, அந்த கதை அவங்களோடதாம், ஓனரை வாய தொறக்க விடல. கிளாரா பிரவுனும் வர்ஜீனியாவுல அடிமையா பொறந்தவங்க, 1800 வாக்குல. 1835ல குடும்பத்தை ஏலத்துல ஆளுக்கொரு தெசையா வித்துட்டாங்க, கடைசி பொண்ணு எலிசா ஜேன் எங்க போனான்னே தெரியல. 1856ல விடுதலை. 1859ல மேற்க போற வண்டி கூட்டத்துக்கு சமையல் பண்ணிகிட்டே பெரும்பாலும் நடந்து கொலராடோ வந்து, சென்ட்ரல் சிட்டின்னு சுரங்க ஊர்ல துணி தொவைக்கற வேலை. ஒரு சட்டைக்கு அரை டாலர். அந்த காசுல சேத்து சேத்து டென்வர்ல மனை, சென்ட்ரல் சிட்டில ஏழு வீடுன்னு வாங்கியிருக்காங்க. கேக்கறவங்களுக்கெல்லாம் சோறு, இடம். பொண்ணு கிடைப்பாளான்னு வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் விசாரிச்சுகிட்டே.

அத்தை இட்லியை கைல வெச்சுகிட்டு அப்படியே உக்காந்திருந்தாங்க. "கெடச்சாளா?"

"கெடச்சா. 1882ல, வேற மாநிலத்துல. இவங்களுக்கு எம்பது வயசுக்கு மேல."

"அப்ப சரி"ன்னு அத்தை திரும்ப சாப்ட ஆரம்பிச்சாங்க. அதுக்கு மூணு வருஷம் கழிச்சு 1885ல கிளாரா செத்துட்டாங்கங்கறதை வீட்டம்மா சொல்லல, நான் அப்புறம் படிச்சதுதான், அத்தைகிட்ட நானும் சொல்லல. சொத்தும் கடைசி வரைக்கும் நிக்கல. 1864ல டென்வர் வெள்ளத்துல சிட்டி ஹாலே அடிச்சுட்டு போயி ரெக்கார்டு எல்லாம் தண்ணில போச்சு, 1873ல சென்ட்ரல் சிட்டில தீ. வெள்ளத்துல போன பத்திரத்துக்கு சர்டிஃபைட் காப்பி வாங்கவே இங்க எத்தனை நடை, அதுல அப்ப அந்த அம்மாவுக்கு யாரு குடுப்பா.

இன்னொரு விஷயம், தேடும்போது கண்ணுல பட்டது, லோன் செக்‌ஷன் ஆளுங்களுக்காக சொல்றேன். ஃபோர்டு காலத்துக்கு அப்புறம் நிலைமை நல்லாகியிருக்கும்னுதான நெனப்போம், இல்ல. 20ஆம் நூற்றாண்டுல கிரய பத்திரத்துலயே 'இந்த வீட்டை கறுப்பினத்தவருக்கு விற்கக்கூடாது'ன்னு ஷரத்து போட்டு பதிஞ்சிருக்காங்க, ஊர் ஊரா. 1948லதான் சுப்ரீம் கோர்ட் அந்த மாதிரி ஷரத்தை எந்த கோர்ட்டும் அமல்படுத்தக்கூடாதுன்னு சொல்லியிருக்கு. நம்ம ஊர்ல பத்திரத்துல இதெல்லாம் எழுதமாட்டாங்க, அவ்ளோ நேர்மை கிடையாது. வாடகைக்கு வீடு கேட்டு போனா "நீங்க என்ன ஆளுங்க"ன்னு வாயால கேட்டுட்டு, அப்புறம் பையன் வர்றான் வீடு இல்லைன்னு அனுப்பிடுவாங்க. எந்த வில்லங்கத்துலயும் வராது.

கெளம்பறப்ப இன்னொண்ணு பாத்தேன். ஹால்ல ஃபோர்டு வீட்டு போட்டோவுக்கு நேர் எதிர் செவுத்துல, அதே சைஸ் ஃப்ரேம்ல, பட்டா. ஓனர் பேர்ல. ஜெராக்ஸ் இல்ல, ஒரிஜினல். பழக்கதோஷம், சர்வே நம்பர், உட்பிரிவு, பரப்பு, சீல் எல்லாம் ஒரு ஓட்டு ஓட்டிட்டேன், சுத்தமா இருக்கு. பட்டாவை யாருங்க ஐயா ஃப்ரேம் போட்டு மாட்டுவாங்க, பீரோல வைங்கன்னேன்.

"எங்கப்பா எஸ்டேட்ல வேலை தம்பி, நான் பொறந்தது லைன் வீட்ல. ஒரு ரூம், வெளிய அடுப்பு. வேலை இருக்கற வரைக்கும்தான் வீடு. எங்கப்பா ரிட்டயர் ஆன மறுமாசம் சாமானை வெளிய வெச்சுட்டாங்க. பீரோல வெச்சா யாருக்கு தெரியும்"னாரு. வெள்ளைக்கார கலெக்டர் காபர்ன் 1820கள்ல காப்பி கொண்டு வந்தாரு, கிரேஞ்ச் பங்களாவை கட்டினாருன்னு ஏற்காடு பத்தி எந்த பக்கத்தை தொறந்தாலும் இருக்கும், ஒவ்வொரு பங்களா கேட்டுலயும் இங்கிலீஷ்ல பேரு இருக்கும். காப்பி பறிச்சவங்க எங்க படுத்தாங்கன்னு ஒரு வரி படிச்ச ஞாபகம் எனக்கு இல்ல.

நான் பேங்க்ல இருக்கேன்னு தெரிஞ்சதும் மெதுவா கேட்டாரு, பின்னாடி எடம் இருக்கு, மூணாவது ஒரு ரூம் போடணும், லோன் கெடைக்குமா. பேப்பர் எல்லாம் பக்காங்க ஐயா, மலைல கட்ட பெர்மிஷன் மட்டும் வாங்கிடுங்க, அப்புறம் ஒண்ணே ஒண்ணு, வீட்டு லோன்னா எங்க வேல்யூயர் பாக்கறப்ப பிளான்ல கிச்சன் எங்கன்னு கேப்பாரு, அது இல்லாம அவரு வீடுன்னே எழுத மாட்டாரு, பேருக்காவது ஒரு மேடை காட்டிடலாம்னேன்.

கொஞ்ச நேரம் யோசிச்சாரு. "அப்ப லோன் வேண்டாம் தம்பி."

சரி, போறவங்களுக்கு. கிச்சன் இல்லைங்கறதை விவரத்துல போட சொல்லியிருக்கேன், போடுவாருன்னு நம்பிக்கை இல்ல. கொழந்தை இருந்தா கெட்டில் எடுத்துட்டு போங்க, பிளக் பாயிண்ட் கிளாரா ரூம்ல கட்டிலுக்கு பின்னாடி இருக்கறது மட்டும்தான் வேலை செய்யுது. கம்பளி சொந்தமா கொண்டு போங்க. கார் உள்ள வரைக்கும் போகாது. சீக்கிரம் குளிச்சுடுங்க. பரணி ரூம்ல ஜன்னல் பெருசு, காலைல மூடுபனி உள்ளயே வருது, நட்சத்திரம் பாக்காதவங்க அதையே கேட்டு வாங்கிக்கோங்க.